தண்ணீரைப் பூட்டியவர்களும் திறந்தவர்களும்: தல் ஏரிக்கரைத் தோட்டங்கள் தரும் பாடம்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

 

நம் கடம்பூரைச் சுற்றி எத்திசை நோக்கினும் கரிசல் மண்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயும் ஊருணியும் ஏந்திக்கொண்டால் அந்த ஆண்டு பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் உயிர் உண்டு. ஏந்தத் தவறினால் சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குடத்தை இடுப்பில் ஏற்றிய தாய்மார்கள் தெருத்தெருவாக அலைவார்கள். இம்மண்ணில் பிறந்தவனுக்குச் செல்வம் எதுவென்று கேட்டால், பொன்னைச் சொல்லுமுன் தண்ணீரைச் சொல்வான்.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் வாசலில் ஒரு குழாய் உண்டு. மர்ஹூமாகிவிட்ட ஒரு பெரியவர் தம் சொந்தச் செலவில் ஆழ்துளைக் கிணறு போட்டு, பிள்ளைகளுக்கும் தெருவாருக்கும் என்று வாய்மொழியாகச் சொல்லி, வக்ஃபாக விட்டுச் சென்ற நீர் அது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடுங்கோடையில் நீர்மட்டம் இறங்கியது. பிள்ளைகளின் ஒளுவுக்கே போதாமல் போகுமோ என்று அஞ்சி, வாசற்குழாய்க்குப் பூட்டுப் போட நிர்வாகத்தில் முடிவாயிற்று. அம்முடிவில் நாமும் கையொப்பமிட்டோம். சாவி நம் மேசை இழுப்பறையில் இருந்தது. மறுநாள் காலை, தெருக்கோடி வீட்டுப் பெண்மணி ஒருவர் வெறுங்குடத்துடன் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். அவர் ஏசியிருந்தால் கூட மறந்திருப்போம்.

அதே கோடையில், நம் ஜமாஅத்தார் சிலர் காஷ்மீரத்தைக் காணப் புறப்பட்டனர். வரலாறு சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமென்று நம்மையும் அழைத்தனர். சாவியை உதவி உஸ்தாதிடம் ஒப்படைத்துவிட்டு, கோவில்பட்டியில் தொடர்வண்டி ஏறினோம். அப்பயணத்தில் கண்டவற்றையும், கண்டபின் நெஞ்சில் தைத்தவற்றையும் இங்கு எழுதுகின்றோம்.

ஸ்ரீநகரில் இறங்கியதும் தல் ஏரியைக் கண்ட நம் கரிசல்காட்டு விவசாயிகள் வாயடைத்து நின்றனர். "இம்புட்டு மழை பெய்யுமா ஹஜ்ரத் இங்க?" என்றார் ஒருவர். உண்மை என்னவென்றால், ஸ்ரீநகரின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். நம் தூத்துக்குடி மாவட்டமும் 650 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெறுகின்றது. வானத்திலிருந்து இறங்கும் அளவில் பெரும் வேற்றுமை இல்லை. அங்கே மலைகள் குளிர்காலத்தில் அதைப் பனியாகப் பிடித்து வைத்து, கோடையில் சிறிது சிறிதாக விடுகின்றன. படைத்தவன் மலையையே கண்மாயாக ஆக்கிக் கொடுத்திருக்கின்றான். நமக்கோ கண்மாயை நாமே வெட்டிக்கொள்ளும் அறிவைக் கொடுத்திருக்கின்றான்.

அம்மலை நீரை நம்பித்தான் ஏரிக்கரையில் முகலாயர்கள் தங்கள் கோடைவாசத் தோட்டங்களை அமைத்தனர். அக்பர் 1586இல் காஷ்மீரத்தைத் தம் ஆட்சியுடன் இணைத்தார். அதன்பின் ஆக்ராவின் வெயிலிலிருந்தும் லாகூரின் புழுதியிலிருந்தும் விலகி, பீர் பஞ்சால் மலைகளைக் கடந்து, அரசவையே இப்பள்ளத்தாக்குக்கு வருவது வழக்கமாயிற்று. ஆகவே இவற்றை வெறும் பூந்தோட்டங்கள் என்று எண்ணிவிடலாகாது. மன்னர் குடிமக்களைச் சந்தித்ததும், அமைச்சர்களுடன் ஆலோசித்ததும், குடும்பத்துடன் ஓய்வெடுத்ததும் இத்தோட்டங்களில்தான்.

அவற்றுள் முதன்மையானது ஷாலிமார் பாக். ஜஹாங்கீர் 1619இல் தம் மனைவி நூர்ஜஹானுக்காக இதை அமைத்தார். அவர் மகன் ஷாஜஹானின் காலத்தில், 1630ஆம் ஆண்டளவில், ஆளுநர் ஜஃபர் கான் இதை மேலும் விரிவாக்கினார். மலையிலிருந்து வரும் ஓடை நீரைக் கால்வாயாகத் திருப்பி, தோட்டத்தின் உச்சியில் விட்டு, படிப்படியாகத் தாழும் தளங்களின் நடுவே ஓடவிட்டிருக்கின்றார்கள். நீரூற்றுகளுக்கு எந்த எந்திரமும் இல்லை. மேல்தளத்து நீரின் அழுத்தமே கீழ்த்தளத்தில் அதைப் பீறிட்டு எழச் செய்கின்றது. அருவிகளுக்குப் பின்னால் கல்லில் சிறு மாடங்கள் வரிசையாகக் குடையப்பட்டுள்ளன. பகலில் அவற்றில் மலர்களையும் இரவில் விளக்குகளையும் வைப்பார்களாம். விழும் நீர்த்திரைக்குப் பின்னே சுடர்கள் தெரியும் அக்காட்சியை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் நெகிழவே செய்கின்றது. அழகை வெறுப்பது மார்க்கம் அன்று.

ஷாலிமாரில் தளங்கள் மூன்று. கீழ்த்தளம் பொதுமக்களுக்கானது. அங்கே ஓடும் நீரின் மேல் அமைந்த கருங்கல் மேடையில் மன்னர் அமர்ந்து குறை கேட்பார். நடுத்தளம் பிரமுகர்களுக்கு. மேல்தளம் அரச குடும்பத்துப் பெண்களுக்கு. கரும்பளிங்கு மண்டபம் இன்றும் அங்கே நிற்கின்றது. கீழிருந்து மேலேறும் மனிதனை ஒவ்வொரு தளத்திலும் காவல் நிறுத்திற்று. மேலிருந்து கீழிறங்கும் தண்ணீரை மட்டும் எவரும் நிறுத்தவில்லை. அரசியின் பாதத்தைத் தொட்ட அதே நீர், அமைச்சரைக் கடந்து, குறை சொல்ல வந்த குடியானவனின் முன்னும் ஓடி, ஏரியில் கலந்தது. இதைச் சுட்டிக் காட்டியபோது நம்முடன் வந்த பெரியவர்கள் மெல்லத் தலையசைத்தனர்.

அடுத்து நிஷாத் பாக். நூர்ஜஹானின் தமையனாரும் மும்தாஜ் மஹலின் தந்தையாருமான ஆஸஃப் கான் 1633இல் அமைத்தது. பன்னிரண்டு இராசிகளைக் குறிக்கும் வண்ணம் பன்னிரண்டு தளங்களாக ஏரியை நோக்கி இறங்குகின்றது. பின்னால் ஜபர்வான் மலைத்தொடர், முன்னால் தல் ஏரி, நடுவே சினார் மரங்களின் நிழல். ஏரிக்கரைச் சாலை இன்று தோட்டத்தையும் நீரையும் பிரித்துவிட்டது. முற்காலத்தில் விருந்தினர் படகிலேயே வந்து இறங்குவர்.

இத்தோட்டத்தைப் பற்றி அவ்வூரில் வழங்கிவரும் ஒரு செய்தியை நம் படகோட்டி உருதுவில் சொன்னார். ஷாஜஹான் நிஷாத் பாகைக் கண்டு மிகவும் வியந்து, பன்முறை புகழ்ந்தாராம். தமக்கு அதைக் காணிக்கையாகத் தருவார் மாமனார் என்று எதிர்பார்த்தாராம். ஆஸஃப் கான் அந்தக் குறிப்பை உணர்ந்தும் மௌனமாக இருந்துவிட்டார். ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் நீர் வந்தது ஒரே ஓடையிலிருந்து. வெகுண்ட மன்னர், நிஷாத்துக்குச் செல்லும் நீரை அடைத்துவிடுமாறு ஆணையிட்டார். ஒரே நாளில் அருவிகள் ஓய்ந்தன, நீரூற்றுகள் வறண்டன. ஆஸஃப் கான் ஒரு மரத்தடியில் சோர்ந்து படுத்துவிட்டார். எஜமானின் துயரம் பொறுக்காத ஒரு பணியாளர், உயிர்போனாலும் போகட்டும் என்று துணிந்து சென்று அடைப்பை நீக்கிவிட்டார். நீரின் ஓசை கேட்டு விழித்த ஆஸஃப் கான் நடுங்கிப் போனார். செய்தி மன்னர் செவிக்கும் எட்டிற்று. ஆனால் மன்னர் அப்பணியாளரைத் தண்டிக்கவில்லை. தம் தவற்றை உணர்ந்து, நீரைத் திரும்பத் திறந்துவிட்டாராம்.

இது ஏட்டில் பதிந்த வரலாறோ, மக்கள் வாயில் வளர்ந்த கதையோ, நம் நெஞ்சில் அது ஆணியாக இறங்கியது. படகில் இருந்த எல்லாரும் சிரித்து ரசித்தனர். நம் ஜமாஅத்தின் மூத்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஹஜ்ரத், நம்ம குழாய்ச் சாவி இப்ப யாருட்ட இருக்கு?"

பதில் சொன்னோம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நிஷாத்தின் வாசலிலிருந்து விடுதி வந்து சேரும்வரை நாமும் எதுவும் பேசவில்லை. ஷாஜஹான் அடைத்தது ஓர் அமைச்சரின் அலங்கார நீரூற்றை. நாம் அடைத்தது ஓர் ஏழைக் குடும்பத்தின் குடத்தை. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைப் பிறருக்குத் தடுப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள் என்ற பாடத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகின்றவர் நாமே.

மறுநாள் சஷ்மா ஷாஹிக்கும் பரீ மஹலுக்கும் சென்றோம். ஷாஜஹானின் காலத்தில், 1632ஆம் ஆண்டளவில், ஒரு மலையூற்றைச் சுற்றி எழுந்த சிறிய தோட்டம் சஷ்மா ஷாஹி. அதற்கு மேலே மலைச்சரிவில் நிற்கும் பரீ மஹல், ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிகோஹ் அமைத்தது. காதிரிய்யா தரீக்காவின் ஷைகு முல்லா ஷா பதக்ஷீ அவர்களின் சீடரான அவர், கல்விக்கும் தியானத்திற்கும் ஏற்ற இடமாக இதைக் கருதினார். மற்றத் தோட்டங்களின் அருவிகள் இங்கு இல்லை. நீர் மண்குழாய்களின் வழியே நிலத்தடியில் சென்றது. அரியணைப் போட்டியில் தோற்ற தாரா, 1659இல் டில்லியில் கொல்லப்பட்டார். இன்று அவருடைய வளைவு மண்டபங்களில் சுற்றுலாப் பயணியர் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

தோட்டங்களை எழுப்பியவர்களின் முடிவை எண்ணிப் பாருங்கள். ஜஹாங்கீர் 1627இல் காஷ்மீரத்திலிருந்து லாகூர் திரும்பும் வழியில் காலமானார். அவருடைய அடக்கவிடம் லாகூரை அடுத்த ஷாஹ்தராவில் உள்ளது. நூர்ஜஹானும் ஆஸஃப் கானும் அதன் அருகிலேயே அடங்கியுள்ளனர். தாம் நட்ட சினாரின் நிழலில் உறங்கும் பேறு அவர்களுக்குக் கிட்டவில்லை. பின்னர் 1752இல் ஆஃப்கானியரும், 1819இல் சீக்கியரும் பள்ளத்தாக்கைக் கைப்பற்றினர். 1846இல் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, 75 இலட்சம் ரூபாய்க்கு நாடும் மலையும் மக்களும் குலாப் சிங்கின் கைக்கு மாறின. இப்போது அரசின் மலர்வளர்ப்புத் துறை தோட்டங்களைப் பராமரிக்கின்றது. இவற்றுள் ஆறு, 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் உள்ளன. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் அரசியின் மேல்தளத்தில் அமர்ந்து சோறு உண்ணலாம், நாமும் உண்டோம்.

திருக்குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரனின் வரலாறு நம் மதரஸாச் சிறுவர்களுக்கும் தெரியும். இரு தோட்டங்களையும் அவற்றின் நடுவே ஓர் ஆற்றையும் பெற்றிருந்த அவன், இவை ஒருபோதும் அழியா என்று தன் தோழனிடம் பெருமை பேசினான். ஒரு பொழுதில் எல்லாம் அழிய, கைகளைப் பிசைந்து நின்றான். தோட்டம் வைத்தது அவன் குற்றமாக அங்கே சொல்லப்படவில்லை. தந்தவனை மறந்ததும், இல்லாதவனை இளக்காரமாகப் பார்த்ததும்தான் அவனை வீழ்த்தின.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய 1876-78 காலத்தில், இக்கரிசல் பூமியும் எலும்பும் தோலுமாக மக்களைப் பறிகொடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1877 முதல் 1879 வரை, காஷ்மீரமும் கொடும் பஞ்சத்தில் வீழ்ந்தது. இங்கே மழை பொய்த்தது. அங்கே அறுவடை நேரத்தில் மழை ஓயாது பெய்து பயிரை அழுகச் செய்தது. தண்ணீர் மிகுந்த நாடும் தண்ணீர் அற்ற நாடும் ஒரே சமயத்தில் பட்டினி கிடந்தன. ஏரிக்கரையின் அத்தனை அழகும் ஒரு குடியானவனின் அடுப்பை எரிக்கவில்லை.

ஆனால் அதே ஸ்ரீநகரில் வேறொரு சான்றும் உண்டு. ஹரி பர்பத் குன்றைச் சுற்றி அக்பர் எழுப்பிய கோட்டை மதிலின் கல்வெட்டு, அப்பணிக்காகக் கருவூலத்திலிருந்து 1 கோடியே 10 இலட்சம் செலவிடப்பட்டது என்றும், எவரிடமும் கூலியின்றி வேலை வாங்கப்படவில்லை என்றும் அறிவிக்கின்றது. தொழிலாளிக்குக் கூலி கொடுத்ததைக் கல்லில் பொறிக்கத் தகுந்த பெருமையாக ஓர் அரசு கருதியிருக்கின்றது.

பயணத்தின் இறுதி நாள் ஹஸ்ரத்பால் சென்றோம். ஏரியின் மேற்குக் கரையில் வெண்பளிங்கு மாடத்துடன் நிற்கும் இப்பள்ளிவாசலின் தொடக்கமும் ஒரு கோடைவாசத் தோட்டமே. முகலாய அதிகாரியான ஸாதிக் கான் 1623இல் இங்கே ஒரு தோட்டமும் மாளிகையும் கட்டி, இஷ்ரத் மஹல், அதாவது இன்ப மாளிகை என்று பெயரிட்டார். 1634இல் இங்கு வந்த ஷாஜஹான், இம்மாளிகையைத் தொழுமிடமாக மாற்றிவிடுமாறு பணித்தார். 1700ஆம் ஆண்டை ஒட்டி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி என்று போற்றப்படும் நினைவுப்பொருள் இங்கு வந்து சேர்ந்தது. 1963 டிசம்பர் 27 அன்று அது காணாமற் போனபோது பள்ளத்தாக்கு முழுதும் வீதிக்கு வந்து கதறியது. 1964 ஜனவரி 4 அன்று அது மீட்கப்பட்டது. இப்போதுள்ள கட்டடத்தின் பணி 1968இல் தொடங்கி 1979இல் நிறைவுற்றது.

அங்கே அஸர் தொழுதோம். ஷாலிமாரில் மன்னர் இல்லை. நிஷாத்தில் அமைச்சர் இல்லை. பரீ மஹலில் மாணவர் இல்லை. இன்ப மாளிகையாக இருந்த இந்த ஒன்றில் மட்டும் ஐவேளையும் ஆள் நிறைகின்றது. ஒளு செய்யும் இடத்தில் கூலிக்காரரும் வியாபாரியும் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்தனர். தனக்கென்று வைத்துக்கொண்டவை காட்சிப் பொருளாயின. அல்லாஹ்வுக்கென்று விடப்பட்டது மக்கள் நடமாடும் இடமாக நிலைத்தது.

மதீனாவில் அபூ தல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுத்ததும், காசுக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்று நீரை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கியதும் அப்போது நினைவுக்கு வந்தன. கடம்பூரில் ஆழ்துளைக் கிணறு போட்ட அந்தப் பெரியவரும் அவர்கள் சென்ற வழியில் சென்றவரே. அவர் திறந்து வைத்துப் போனதை அடைத்தவர்கள் நாம்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் நிர்வாகத்தைக் கூட்டினோம். நீர்மட்டம் தாழ்ந்தது பொய்யன்று. குழாயை நாள் முழுதும் திறந்து வைக்கவும் இயலாது. ஆனால் நம் பக்கத்தில் எவ்வளவு வீணாகிறது என்று அதுவரை எவரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை. ஒளுவுக்குக் குழாயைத் திறந்தபடியே விடும் பழக்கத்தை நிறுத்தி, பிள்ளைகளுக்குக் கெண்டி கொடுத்தோம். ஒளு செய்த நீரை வாய்க்கால் வெட்டி வேப்பமரத்திற்குத் திருப்பினோம். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் தெருக்குழாய் திறந்திருக்கும், வீட்டுக்கு நான்கு குடம் என்று முடிவு செய்தோம். முன்பு கையொப்பமிட்ட அதே ஏட்டில், அதற்குக் கீழேயே, மீண்டும் கையொப்பமிட்டோம்.

அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு நேரில் சென்று செய்தியைச் சொன்னோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் இடைமறித்து, "அது கெடக்கட்டும் பாய், எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார். ஆறு மணி என்றோம். மறுநாள் ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றார்.

பூட்டு இன்னும் இருக்கின்றது. சாவி மேசை இழுப்பறையில் இல்லை. எல்லாரும் காணும்படி வாசல் ஆணியில் தொங்குகின்றது. கோடை கடுமையாகும் ஆண்டுகளில் அதை எடுக்கக் கை நீளும்போதெல்லாம், நிஷாத்தின் அடைப்பை நீக்கிய, பெயர் தெரியாத அப்பணியாளரை நினைத்துக்கொள்கின்றோம்.

யா அல்லாஹ்! நீ தந்த நீரை நாங்கள் வீணாக்காமலும், உன் அடியார்களுக்கு அடைக்காமலும் இருக்கத் தவ்ஃபீக் செய்வாயாக! எங்களுக்கு முன் கிணறு தோண்டியவர்களின் கப்ருகளைக் குளிரச் செய்வாயாக! எங்கள் கண்மாய்களை நிறைப்பாயாக! ஆமீன்.